ராபர்ட் டாஃப்ட் கேட்ட கேள்வி



எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு பெரியது. நாட்டுக்கு நெருக்கடி வந்த வேளையில் ஓர் அதிபரின் தலைமையைப் பழமைவாதிகள் எப்படி விமர்சித்தார்கள் என்று பேச வேண்டும். அமெரிக்க வரலாற்றில் இதற்குப் பஞ்சமே இல்லை. ரூஸ்வெல்ட்டை ஹூவர் விடாமல் சாடினார். ரீகனை அவருடைய சொந்த ஆதரவாளர்களே சாடியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் தொட்டுக்கொண்டு போனால் ஒன்றும் தேறாது. ஆகவே ஓர் அதிபர், ஒரு விமர்சகர் என்று வைத்துக்கொள்கிறேன். அதிபர், ஹாரி ட்ரூமன். விமர்சகர், ஒஹையோ மாநிலத்து செனட்டர் ராபர்ட் டாஃப்ட்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இன்று நான் காங்கிரஸ், காங்கிரஸ் என்று பலமுறை சொல்வேன். கதர்ச் சட்டை யாருக்கும் நினைவுக்கு வர வேண்டாம். அமெரிக்க நாடாளுமன்றத்தைச் சொல்கிறேன்.

யார் இந்த டாஃப்ட்? அதிபரின் மகன். அவருடைய தந்தை வில்லியம் ஹோவார்டு டாஃப்ட் 1909 முதல் 1913 வரை அதிபராக இருந்தவர்; பிறகு உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும் ஆனவர். இரண்டு நாற்காலியிலும் உட்கார்ந்த ஒரே மனிதர் அவர்தான். அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்த பையனுக்கு அதிகாரத்தின் மேல் மயக்கம் வர வேண்டும். இவருக்கோ சந்தேகம் வந்தது. ஹார்வர்டில் சட்டம் படித்து முதல் மாணவராகத் தேறினார். மேடைக் கவர்ச்சி கிடையாது. மூக்குக் கண்ணாடி, ஏற்ற இறக்கம் இல்லாத குரல், பக்கம் பக்கமாகப் புள்ளிவிவரம். ஆனாலும் குடியரசுக் கட்சி என்றால் டாஃப்ட், டாஃப்ட் என்றால் குடியரசுக் கட்சி என்று பேர் வாங்கினார். மூன்று முறை அதிபர் வேட்பாளராக முயன்று மூன்று முறையும் கட்சிக்குள்ளேயே தோற்றார்.

அவருடைய கொள்கைகளில் பலவற்றோடு எனக்கு உடன்பாடில்லை. தொழிற்சங்கங்களின் கையைக் கட்டிய சட்டத்துக்கு அவர் பெயர்தான் இருக்கிறது. பிறகு ஏன் அவரைப் பற்றிப் பேசுகிறேன்? நெருக்கடி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லோரும் எழுந்து நின்று கைதட்டும்போது, உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு கேள்வி கேட்கத் தெரிந்த மனிதர் அவர். அந்தக் கேள்வி இதுதான்: யாரைக் கேட்டுச் செய்தீர்கள்?

1941 டிசம்பர் 7-ஆம் தேதி முத்துத் துறைமுகத்தின் மேல் ஜப்பான் குண்டு போட்டது. நாடே கொதித்துக் கிடந்தது. பன்னிரண்டே நாள் கழித்து, டிசம்பர் 19 அன்று, டாஃப்ட் சிகாகோவில் பேசினார். போருக்கு ஆதரவாகத் தானும் வாக்களித்தவர்தான். ஆனால் என்ன பேசினார் தெரியுமா? போர்க்காலத்திலும் விமர்சனம் வேண்டும், அது இல்லாமல் எந்த ஜனநாயக அரசும் நிற்காது என்று பேசினார். விமர்சனத்தைக் கேட்டு எதிரி மகிழலாம், மகிழட்டும். அந்தச் சில்லறை லாபத்தைவிட, விமர்சனம் நம் நாட்டுக்குச் செய்யும் நன்மை பெரிது என்று வாதாடினார். பன்னிரண்டு நாள்! பிணங்கள் இன்னும் முழுதாக எடுக்கப்படவில்லை.

மூன்று மாதம் போனது. 1942 மார்ச்சில் செனட்டுக்கு ஒரு மசோதா வந்தது. மேற்குக் கரையில் ராணுவம் போடும் தடை உத்தரவை மீறினால் சிறை என்றது அது. யாரைக் குறிவைத்த சட்டம்? ஜப்பானிய வம்சாவளி மக்களை. லட்சத்துக்கும் மேற்பட்டோரை வீடு வாசலிலிருந்து பிடுங்கி முகாம்களில் அடைத்த வேலைக்கு இந்தச் சட்டம்தான் பல் கொடுத்தது. செனட்டில் எழுந்து, இவ்வளவு அரைகுறையான குற்றவியல் சட்டத்தை நான் எங்குமே படித்ததில்லை என்று சொன்னவர் ஒருவர்தான். டாஃப்ட். சொன்னாரே தவிர மறித்தாரா? இல்லை. போர் நேரம், நிறுத்த விரும்பவில்லை என்று விட்டுவிட்டார். மசோதா நிறைவேறியது. சரியான கேள்வியைக் கேட்டுவிட்டுப் பாதியில் உட்கார்ந்துகொள்ளும் இந்தப் பழக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

இப்போது ட்ரூமனிடம் வருவோம். 1945 ஏப்ரல் 12-இல் ரூஸ்வெல்ட் இறந்தார். துணை அதிபராகி மூன்று மாதம்கூட ஆகாத ட்ரூமன் அதிபரானார். கல்லூரிப் பட்டம் இல்லாதவர். கான்சாஸ் சிட்டியில் தொப்பியும் சட்டையும் விற்ற கடை நடத்தி நொடித்துப்போனவர். ஒளிவுமறைவு இல்லாத மனிதர், கோபக்காரர். அந்தக் கோபம்தான் நம் முதல் காட்சி.

1946 மே மாதம். போர் முடிந்தாயிற்று, விலைவாசி ஏறுகிறது, தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்கிறார்கள். ரயில் என்ஜின் ஓட்டுநர்களும் ரயில் ஊழியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். நாடு முழுவதும் ரயில் நின்றது. ரயில் நின்றால் நிலக்கரி இல்லை, உணவு இல்லை, எதுவும் இல்லை. மே 25, சனிக்கிழமை மாலை, ட்ரூமன் காங்கிரஸின் இரு அவைகளின் கூட்டுக் கூட்டத்தில் பேச வந்தார். கையில் ஒரு கோரிக்கை. அரசுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்கிறவர்களை ராணுவத்தில் சேர்த்துவிடும் அதிகாரம் எனக்கு வேண்டும் என்றார். யோசித்துப் பாருங்கள். வேலைக்கு வரமாட்டேன் என்கிற என்ஜின் டிரைவருக்குச் சீருடை மாட்டிவிட்டால் அவன் சிப்பாய். சிப்பாய் வேலை செய்ய மறுத்தால்? ராணுவ நீதிமன்றம்!

பேச்சின் நடுவே செனட் செயலாளர் லெஸ்லி பிஃபிள் ஒரு துண்டுச் சீட்டை அதிபர் கையில் வைத்தார். ட்ரூமன் பார்த்தார். நிமிர்ந்தார். வேலைநிறுத்தம் முடிந்துவிட்டது, அதிபர் சொன்ன நிபந்தனைகளுக்கே சங்கங்கள் இணங்கிவிட்டன என்று வாசித்தார். அவை அதிர்ந்தது. கைதட்டல் ஓயவில்லை. சரி, பிரச்சினை தீர்ந்தது, அதிபர் வீட்டுக்குப் போயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? போகவில்லை. கைதட்டல் அடங்கியதும், விட்ட இடத்திலிருந்து வாசித்து அந்த அதிகாரத்தைக் கேட்டார். நெருக்கடி போய்விட்டது, நெருக்கடிக்காகக் கேட்ட அதிகாரம் மட்டும் போகவில்லை.

பிரதிநிதிகள் சபை அன்றைக்கே 306-க்கு 13 என்று நிறைவேற்றிக் கொடுத்தது. குடியரசுக் கட்சிக்காரர்களும் பாய்ந்து பாய்ந்து வாக்களித்தார்கள். தொழிற்சங்கத்தை நசுக்க இதைவிட நல்ல வாய்ப்பு ஏது? மசோதா செனட்டுக்கு வந்தபோது குறுக்கே நின்றவர் டாஃப்ட். தொழிலாளிகளின் நண்பரா அவர்? இல்லவே இல்லை. அடுத்த ஆண்டே, 1947-இல், டாஃப்ட்–ஹார்ட்லி சட்டத்தைக் கொண்டுவந்து, ட்ரூமன் வீட்டோ செய்தும் அதை மீறி நிறைவேற்றி, சங்கங்களின் சாபத்தை வாங்கிக்கொண்டவர். ஆனால் குடிமகனைத் தண்டனையாகப் பட்டாளத்தில் சேர்ப்பது அமெரிக்க நீதிமுறையின் எந்த நெறிக்கும் ஒத்துவராது என்றார். எதிர்முகாமிலிருந்து புளோரிடாவின் இடதுசாரி செனட்டர் கிளாட் பெப்பரும் எதிர்த்தார். இருவரும் சேர்ந்து நின்ற வேறு சமயங்கள் அதிகமில்லை. இரண்டு மூன்று நாளில் சூடு தணிந்தது. செனட் அந்தப் பிரிவை 70-க்கு 13 என்ற கணக்கில் வெட்டி எறிந்தது.

தனக்குப் பிடிக்காத ஆளுக்காகச் சட்டத்தை நிறுத்திப் பேசுவது எவ்வளவு அரிது! பழமைவாதம் என்பதில் எனக்கு மதிப்பு பிறக்கிற இடம் இதுதான். பழையதைக் கட்டிக்காப்பது என்றால் எதைக் கட்டிக்காப்பது? பணக்காரன் பெட்டியையா? அதிகாரத்துக்குப் பழையவர்கள் போட்ட வேலியையா? அந்த வாரம் டாஃப்ட் வேலியைக் காத்தார்.

இனி கொரியா.

1950 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை விடியலில், வட கொரியப் படைகள் 38-ஆவது இணைகோட்டைத் தாண்டித் தெற்கே இறங்கின. நம் ஊரில் ஜூன் 25 என்றால் 1975-இன் நெருக்கடிநிலைதான் நினைவுக்கு வரும். இது அதற்குச் சரியாக இருபத்தைந்து ஆண்டு முந்திய நெருக்கடி. ட்ரூமன் வார விடுமுறைக்குச் சொந்த ஊரான இண்டிபெண்டன்ஸுக்குப் போயிருந்தார். அங்கே தொலைபேசியில் செய்தி சொன்னவர் வெளியுறவுச் செயலர் டீன் அச்செசன். ஐ.நா. பாதுகாப்பு சபை கூடியது. சோவியத் ரஷ்யா அப்போது சபையைப் புறக்கணித்துக்கொண்டிருந்ததால் தடுக்க ஆளில்லை. 27-ஆம் தேதி விமானப் படையும் கடற்படையும் உதவும் என்று ட்ரூமன் அறிவித்தார். 30-ஆம் தேதி தரைப்படைக்கும் உத்தரவு. ஒரே வாரம். அமெரிக்கா போரில் இறங்கிவிட்டது.

போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கு என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கிறது. காங்கிரஸைக் கேட்டார்களா? கேட்கவில்லை. வெளியுறவுக் குழுத் தலைவர் டாம் கானலி, கேட்கத் தேவையில்லை என்று அதிபருக்கு யோசனை சொன்னார். வீட்டில் திருடன் புகுந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அனுமதி வாங்கிக்கொண்டா சுடுவீர்கள் என்பது அவருடைய வாதம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் திருடனைச் சுட்டபிறகு மூன்று வருஷமா சுட்டுக்கொண்டிருப்பார்கள்? ஜூன் 29 அன்று ஒரு நிருபர், இதை ஐ.நா.வின் கீழ் நடக்கும் போலீஸ் நடவடிக்கை எனலாமா என்று கேட்டார். ஆமாம், அதேதான் என்றார் ட்ரூமன். ஹைதராபாத்தை 1948-இல் பார்த்த நமக்கு இந்தப் பெயர் புதிதல்ல.

ஜூன் 28 அன்று டாஃப்ட் செனட்டில் எழுந்தார். இந்தப் பேச்சை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எதிர்க்கட்சிப் பேச்சுகளில் இப்படி ஒன்று அபூர்வம். அச்செசனின் கொள்கைதான் இந்தத் தாக்குதலை வரவழைத்தது, அவர் பதவி விலக வேண்டும் என்றார். அது வழக்கமான அரசியல், தள்ளுங்கள். அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். வட கொரியா செய்தது அப்பட்டமான ஆக்கிரமிப்பு. அமெரிக்கா தலையிடுவது சரி. இப்போதே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள், நானே ஆதரித்து வாக்களிக்கிறேன். ஆனால் காங்கிரஸைக் கேட்காமல் படையை அனுப்ப அதிபருக்குச் சட்டப்படி அதிகாரம் இல்லை. இன்று இதற்குச் சும்மா இருந்தால் நாளை எந்த நாட்டின் மேலும் எந்த அதிபரும் போர் தொடுக்கலாம்.

காரியம் சரி, கேட்காமல் செய்தது தப்பு. இப்படி இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல எத்தனை பேரால் முடியும்? நாம் பொதுவாக எப்படி? காரியம் பிடித்திருந்தால் வழி எப்படி இருந்தாலும் கண்டுகொள்ள மாட்டோம். காரியம் பிடிக்காவிட்டால் உடனே அரசியல் சட்டப் புத்தகத்தைத் தேடி எடுப்போம்.

ஜூலை 3 அன்று வெள்ளை மாளிகை வட்டாரத்தில் இது பற்றிப் பேச்சு நடந்தது. தீர்மானம் கேட்க வேண்டாம் என்பதே அச்செசனின் யோசனை. பழைய அதிபர்கள் கேட்காமல் படை அனுப்பிய 85 சம்பவங்களின் பட்டியலையும் வெளியுறவுத் துறை தயாரித்துவிட்டது. ட்ரூமன் கேட்கவில்லை.

இங்கே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கேட்காமல் போனதில் நஷ்டம் ட்ரூமனுக்குத்தான். ஜூன் கடைசியில் கேட்டிருந்தால் காங்கிரஸ் குதித்துக்கொண்டு கொடுத்திருக்கும். அனுமதி என்பது வாங்குகிறவனை மட்டும் கட்டுவதில்லை, கொடுக்கிறவனையும் கட்டும். கையெழுத்துப் போட்டவன் பிறகு எனக்குத் தெரியாது என்று நழுவ முடியாது. ட்ரூமன் யாரிடமும் கையெழுத்து வாங்கவில்லை. அதனால் போர் கோணலாகப் போனபோது முதல் வாரத்தில் எழுந்து நின்று ஆரவாரம் செய்த அத்தனை பேரும் அதை ‘ட்ரூமனின் போர்’ என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள்.

போர் கோணலாகத்தான் போனது. செப்டம்பரில் இன்சானில் ஜெனரல் டக்ளஸ் மெக்ஆர்தர் துணிச்சலாகப் படையை இறக்கி வென்றார். அந்த வெற்றியின் போதையில் 38-ஆவது கோட்டைத் தாண்டி வடக்கே போவது என்று முடிவானது. தாண்டினால் நாங்கள் வருவோம் என்று சீனப் பிரதமர் சௌ என்லாய் எச்சரித்தார். யார் வழியாக? பீக்கிங்கிலிருந்த இந்தியத் தூதர் கே.எம். பணிக்கர் வழியாக. அக்டோபர் தொடக்கத்தில், நள்ளிரவில் அவரை எழுப்பி அழைத்துச் சொன்ன செய்தி அது. வாஷிங்டன் நம்பவில்லை, பணிக்கர் சீனத்துக்குச் சாய்ந்தவர் என்று ஒதுக்கியது. நவம்பர் கடைசியில் சீனப் படை வெள்ளமாக இறங்கியது. 1951 ஜனவரியில் சோல் நகரம் மூன்றாம் முறை கைமாறியது.

போரைச் சீனாவுக்குள்ளும் கொண்டுபோக வேண்டும் என்றார் மெக்ஆர்தர். வேண்டாம், மூன்றாம் உலகப் போரில் முடியும் என்றார் ட்ரூமன். ஜெனரல் அடங்கவில்லை. பிரதிநிதிகள் சபையின் குடியரசுக் கட்சித் தலைவர் ஜோ மார்ட்டினுக்கு அவர் எழுதிய கடிதத்தை ஏப்ரல் 5 அன்று மார்ட்டின் சபையிலேயே படித்துவிட்டார். அதிபரின் கொள்கைக்கு நேர் எதிரான கடிதம். ஏப்ரல் 11, நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு நிருபர்களைக் கூப்பிட்டு, மெக்ஆர்தர் நீக்கப்பட்டார் என்று அறிவித்தது வெள்ளை மாளிகை.

அதன்பிறகு நடந்தது திருவிழா! தந்திகள் மூட்டை மூட்டையாக வந்தன. ட்ரூமன் கொடும்பாவி எரிந்தது. அதிபரைப் பதவி நீக்க வேண்டும் என்று குடியரசுக் கட்சித் தலைவர்கள் காலையிலேயே கூடிப் பேசினார்கள். அந்தக் கூட்டத்தில் டாஃப்டும் இருந்தார். காங்கிரஸில் மெக்ஆர்தர் பேசினார். நியூயார்க் தெருக்களில் காகித மழை பொழிந்தது.

நம் டாஃப்ட் எந்தப் பக்கம் நின்றார்? மெக்ஆர்தர் பக்கம். காங்கிரஸைக் கேட்காமல் கொரியாவுக்குப் படை அனுப்பியது தப்பு என்றவர், சீனாவின் மேல் குண்டு போடலாம், தைவானிலிருந்த சியாங் கை ஷேக் படையை அவிழ்த்துவிடலாம் என்ற ஜெனரலுக்குத் தோள் கொடுத்தார். அதற்கு காங்கிரஸின் அனுமதி? அந்தக் கேள்வி எங்கே போயிற்று? யாரைக் கேட்டுச் செய்தீர்கள் என்று கேட்ட வாய், ஏன் இன்னும் ஓங்கி அடிக்கவில்லை என்று கேட்க ஆரம்பித்துவிட்டது.

இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக நினைக்கக் கூடாது. முதல் கேள்வியைக் கேட்கப் படிப்பும் பொறுமையும் வேண்டும். இரண்டாம் கேள்விக்குக் குரல் இருந்தால் போதும். டாஃப்டுக்காக வாதாடுபவர்கள், போரைச் சீக்கிரம் முடிக்கத்தான் அவர் அப்படிச் சொன்னார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் அடுத்த ஆண்டு அதிபர் தேர்தல் என்பதும், கட்சித் தொண்டர்கள் மெக்ஆர்தர் மோகத்தில் இருந்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியாதா? அதே காலத்தில்தான் அரசாங்கத்தில் கம்யூனிஸ்டுகள் என்று கையில் காகிதத்தை ஆட்டிக்கொண்டு திரிந்த செனட்டர் மெக்கார்த்தியையும் அவர் தடுக்காமல் ஊக்கப்படுத்தினார். ஆதாரம் இல்லாமல் ஒருவன் மேல் பழிபோடுவது சட்ட மாணவனுக்கு எப்படித் தோன்றும் என்பது ஹார்வர்டின் முதல் மாணவருக்கு நன்றாகவே தெரியும்.

மே மாதம் செனட் விசாரணை தொடங்கியது. ஜெனரல் ஓமர் பிராட்லியும் முப்படைத் தளபதிகளும் ஒருவர்பின் ஒருவராக வந்து, சீனாவோடு போர் என்பது தப்பான போர் என்றார்கள். மோகம் மெல்ல வடிந்தது. ட்ரூமனுக்கும் லாபமில்லை. 1952 பிப்ரவரியில் காலப் கருத்துக்கணிப்பில் அவருக்கு ஆதரவு 22 சதவீதம்.

அந்த நிலையில்தான் அவர் எஃகு ஆலைகளில் கைவைத்தார். 1952 ஏப்ரல் 8. மறுநாள் வேலைநிறுத்தம். கொரியாவில் சிப்பாய்க்குக் குண்டுத் தட்டுப்பாடு வரும் என்று சொல்லி, ஆலைகளை அரசு எடுத்துக்கொள்ள உத்தரவிட்டார். எந்தச் சட்டத்தின் கீழ்? சட்டம் எதுவும் இல்லை. அதிபர் என்ற முறையில். 1946-இல் காங்கிரஸிடம் கேட்கவாவது செய்தார். ஆறே ஆண்டில் கேட்கும் பழக்கமே போய்விட்டது.

சட்டக் கல்லூரி மாணவர்களே, இது உங்களுக்கு. வாஷிங்டன் மாவட்ட நீதிமன்றம். நீதிபதி டேவிட் பைன். அரசு வழக்கறிஞர் ஹோம்ஸ் பால்ட்ரிஜ். அப்படியானால் நெருக்கடியில் அதிபரின் அதிகாரத்துக்கு எல்லையே கிடையாதா என்று நீதிபதி துருவுகிறார். வழக்கறிஞர் தயங்காமல் பதில் சொல்கிறார்: இரண்டு எல்லை உண்டு. ஒன்று வாக்குப்பெட்டி, மற்றொன்று பதவி நீக்கத் தீர்மானம். நீதிமன்றம் அதில் இல்லை! இந்த ஒரு பதிலே வழக்கைத் தோற்கடித்தது என்பேன். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. ட்ரூமனே சமாதானம் சொல்ல வேண்டி வந்தது. ஜூன் 2 அன்று உச்ச நீதிமன்றம் 6-க்கு 3 என்று அதிபருக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஒன்பது நீதிபதிகளும் ரூஸ்வெல்ட்டும் ட்ரூமனும் நியமித்தவர்கள். அன்றைக்கே ஆலைகளைத் திருப்பிக் கொடுத்தார் ட்ரூமன். கோபக்காரர், ஆனால் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டார். அதை அவர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹியூகோ பிளாக் பிறகு அவரை வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தாராம். உன் சட்டம் எனக்குப் பிடிக்கவில்லை ஹியூகோ, ஆனால் உன் விஸ்கி அருமை என்றாராம் ட்ரூமன்.

டாஃப்ட் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை நீதிமன்றம் கேட்டுவிட்டது. டாஃப்டும் கண்டித்தார்தான். ஆனால் மெக்கார்த்தியையும் மெக்ஆர்தரையும் தூக்கிச் சுமந்த வாயிலிருந்து வந்ததால் அது இன்னொரு கட்சிப் பேச்சாகவே ஒலித்தது. அந்த ஜூலையில் குடியரசுக் கட்சி அவரை விட்டுவிட்டு ஐசன்ஹோவரை வேட்பாளராக்கியது. 1953 ஜூலை 27-இல் கொரியாவில் போர் நிறுத்தம் கையெழுத்தானது. 36,000-க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டிருந்தார்கள். கொரியர்களும் சீனர்களும் லட்சக்கணக்கில். நான்கு நாள் கழித்து, ஜூலை 31 அன்று, டாஃப்ட் புற்றுநோயால் இறந்தார்.

கேள்வி அவரோடு செத்துவிட்டதா? உடனே சாகவில்லை. 1955 ஜனவரியில் தைவான் நீரிணையில் பதற்றம் வந்தபோது, அதிபராகிவிட்ட ஐசன்ஹோவர் நேரே காங்கிரஸுக்குப் போய் அனுமதி கேட்டார். ட்ரூமன் பட்ட பாடு அவர் கண்முன்னே இருந்தது. இரு அவைகளும் ஏறக்குறைய ஒருமனதாகக் கொடுத்தன.

பிறகு 1964 ஆகஸ்ட். வியட்நாமின் டோங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்களைத் தாக்கினார்கள் என்ற செய்தி. அதிபர் லிண்டன் ஜான்சன், கொரியாவின் போது செனட்டில் இருந்தவர், பாடத்தை நன்றாகவே படித்திருந்தார். கேட்க வேண்டும், அவ்வளவுதானே? கேட்டார். தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்கலாம் என்ற தீர்மானம், எல்லையும் இல்லை, கெடுவும் இல்லை. ஆகஸ்ட் 7 அன்று பிரதிநிதிகள் சபையில் 416-க்கு பூஜ்யம். செனட்டில் 88-க்கு 2. எதிர்த்த அந்த இருவர் ஒரிகனின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூயனிங். இருவரும் ஜான்சனுடைய ஜனநாயகக் கட்சிக்காரர்கள். டாஃப்டின் கட்சியிலிருந்து எதிர்த்து வாக்களிக்க ஒருவர்கூட இல்லை.